பக்கத்து இருக்கை

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, என் மகள் ஒரு பஞ்சாயத்தை என்னிடம் கொண்டுவந்தாள். வழக்கு அவளுக்கும் அவள் மகனுக்கும் இடையே. பேரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மாதம் ஒரு முறை ஆர்.எஸ்.புரம் வீட்டுக்கு வருவான். இந்த ஊர் வழக்கப்படி என்னை 'அப்புச்சி' என்றுதான் கூப்பிடுவான். நான் புதுச்சேரிக்காரன், முதல் தடவை கேட்டபோது சிரிப்பு வந்தது, இப்போது வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

விஷயம் இதுதான். அவனும் நண்பர்களும் சேர்ந்து ஒரு ரேஸ் டிராக்கை வருடத்தில் நாலைந்து முறை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தங்கள் சொந்தக் கார்களை வேகமாக ஓட்டிப் பார்ப்பார்களாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. நாலு வருடமாக ஓட்டி நல்ல பெயர் எடுத்துவிட்டான். இப்போது புதிதாகப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க இவனைக் கேட்டிருக்கிறார்கள்.

"அப்புச்சி, நாலு வருஷத்துல என் வண்டில ஒரு கீறல் கூட இல்ல. நம்பிக் கேக்கறப்ப முடியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்றான்.

"அப்பா, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான். நீங்களே சொல்லுங்க" என்றாள் மகள்.

முப்பத்தைந்து வருடம் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். கோப்பைப் பார்க்காமல் குறிப்பு எழுதும் பழக்கம் இல்லை. ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததும், பழைய ஞாபகங்களைக் கிளறி எடுத்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஞாபகம். 1979-ல் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கார் வாங்கும் சக்தி அன்று இல்லை. லைசென்ஸ் இருந்தால் என்றைக்காவது உதவும் என்ற ஆசைதான். தடாகம் ரோட்டுப் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூல். பழைய பியட் கார். சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் 'மாஸ்டர்' என்பார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய சாலையில் காலை ஆறு மணிக்குப் பாடம். மூன்றாம் நாள், குறுக்கே வந்த மாட்டு வண்டியைப் பார்த்ததும் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டேன். கார் மாட்டுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. நிறுத்தியது நான் இல்லை. மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக் பெடல் இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க கால நா நம்பறனோ இல்லியோ, எங்கால நா நம்பறனுங்க சார். இந்தப் பெடல் இல்லீன்னா நா இங்க உக்கார மாட்டனுங்."

சட்டமும் மாஸ்டர் பக்கம்தான். 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளைப் புரட்டினேன். பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டும்போது, உரிமம் பெற்ற ஒருவர் உடன் இருக்க வேண்டும். அவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறது 3-ஆம் விதி. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பதுவரை அதில் உண்டு. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்பிப்பவருக்கும் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது 24-ஆம் விதி. அதாவது, ஊருக்குள் 30 கிலோமீட்டர் வேகத்தில் சொல்லிக்கொடுப்பவருக்குச் சட்டம் ஒரு பிரேக்கைக் கொடுத்திருக்கிறது. ஆனால் இதெல்லாம் பொதுச் சாலைக்கு. கேட்டைப் பூட்டிய ரேஸ் டிராக்கில், தன் சொந்தக் காரை 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிற புதியவருக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கு என்ன இருக்கிறது? ஒரு ஹெல்மெட், ஒரு பெல்ட், ஒரு வாய். அவ்வளவுதான்.

இங்கே என் பள்ளிப் படிப்பு கொஞ்சம் உதவியது. புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவரைப் பிரெஞ்சில் 'மோனித்தேர்' என்பார்கள். ரேஸ் பள்ளி ஆசிரியருக்கும் அதே பெயர்தான். எச்சரிப்பது, நினைவூட்டுவது என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. அந்தப் பெயரே வேலையின் எல்லையைச் சொல்லிவிடுகிறது. அவரால் எச்சரிக்கத்தான் முடியும்.

சிறுவயதில், இன்று ரோமன் ரோலன் பெயர் தாங்கியிருக்கும் நூலகத்தில், பழைய பிரெஞ்சுப் படப் பத்திரிகைத் தொகுப்புகளைப் புரட்டுவது என் விடுமுறைப் பொழுதுபோக்கு. அதில்தான் 1903-ஆம் வருடப் பாரிஸ்–மாட்ரிட் கார் பந்தயத்தைப் பற்றி முதலில் படித்தேன். மே 24 விடியற்காலையில் வெர்சாயிலிருந்து புறப்பட்ட கார்களில், பெரிய கார்கள் எல்லாவற்றிலும் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுநர், மற்றவர் மெக்கானிக். எண்ணெயைப் பம்ப் அடிப்பது, பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்த்துச் சொல்வது, டயர் வெடித்தால் மாற்றுவது எல்லாம் அந்த இரண்டாம் ஆளின் வேலை. அவர் கையில் ஸ்டியரிங் கிடையாது, காலில் பிரேக் கிடையாது. அன்றைய தினம் ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், வேடிக்கை பார்த்த ஜனங்கள் என்று பலர் மாண்டார்கள். ரெனோ கார் கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் அடிபட்டு இறந்தார். பிரெஞ்சு அரசு பந்தயத்தை போர்தோ நகரிலேயே நிறுத்தியது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும் அனுமதி மறுத்து, கார்களைக் குதிரை கட்டி ரயில் நிலையத்துக்கு இழுத்துப்போனார்கள்.

அதற்குப் பிறகும் இருபது வருடம் மெக்கானிக்குகள் அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள். 1924-ல் ஸ்பெயின் நாட்டு சான் செபாஸ்டியன் பந்தயத்தில் கெனெல்ம் லீ கின்னஸ் ஓட்டிய கார் கவிழ்ந்தது. ஓட்டுநர் படுகாயத்துடன் பிழைத்தார். உடன் இருந்த மெக்கானிக் தாமஸ் பாரெட் பிழைக்கவில்லை. 1925 முதல் கிராண்ட் பிரி பந்தயங்களில் மெக்கானிக் ஏறக் கூடாது என்று விதி வந்தது. அதில் ஒரு வேடிக்கை: ஆளை இறக்கிவிட்டாலும், காரில் இரண்டு இருக்கைக்கான அகலம் இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் மேலும் ஓரிரு வருடம் நீடித்தது. காலி இருக்கையோடு கார்கள் ஓடின. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை.

ஆக, கையில் ஒன்றுமில்லாத ஒருவரை வேகமான காரில் உட்காரவைப்பது சரியில்லை என்று பந்தய உலகம் நூறு வருடத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டது. பிறகு வந்த ரேஸ் பள்ளிகளும் அந்த வழியில்தான் போயின. 1957-ல் இங்கிலாந்தில் ஸ்னெட்டர்டன் பாதையில் ஜிம் ரஸ்ஸல் தொடங்கிய பள்ளியில் கற்றுக்கொடுத்தது ஒற்றை இருக்கைக் கார்களில். பின்னாளில் உலக சாம்பியனான பிரேசிலின் எமர்சன் ஃபிட்டிபால்டி அங்கே படித்தவர். பிரான்சில் மாக்னி-கூர், பால் ரிக்கார் பாதைகளில் நடந்த வின்ஃபீல்டு பள்ளியும் அப்படித்தான். 1975-ல் அங்கே தேர்வில் முதலில் வந்த இளைஞர் அலென் ப்ரோஸ்ட். பிறகு நான்கு முறை உலக சாம்பியன்.

ஒற்றை இருக்கை என்றால் ஆசிரியர் எங்கே உட்காருவார்? உட்காரவே மாட்டார். பாதை ஓரத்தில் நின்று பார்ப்பார். மாணவருக்கு ஒரு கணக்கு கொடுப்பார்: இன்ஜின் சுழற்சி இத்தனைக்கு மேல் முள் ஏறக் கூடாது. பத்துச் சுற்று ஒழுங்காக ஓட்டினால் அடுத்த படி. முள் தாண்டினால் இறக்கிவிடுவார். மாணவர் தவறு செய்தாலும், தவறு செய்யும் வேகத்தை ஆசிரியர் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார். மாஸ்டரின் இரண்டாவது பெடல் வேலையை இங்கே அந்த முள் செய்கிறது.

நம் ஊருக்கு வருவோம். கோயமுத்தூரும் ரேஸும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மில், பவுண்டரி, லேத் பட்டறை, பம்ப்செட் என்று இரும்போடு வாழ்ந்த ஊர். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த நாட்களிலேயே இங்கிருந்து காரோடு கிளம்பிப் போகிறவர்கள் உண்டு. அவர்களில் முக்கியமானவர் எஸ். கரிவரதன். 1980-களின் கடைசியில் அவர் உருவாக்கியதுதான் 'ஃபார்முலா மாருதி'. நம் தெருவில் ஓடிய மாருதி 800 காரின் சின்ன இன்ஜினைப் பொருத்திய ஒற்றை இருக்கைக் கார். வெளிநாட்டுக் காருக்குக் கொட்டப் பணம் இல்லாத பையன்களும் ரேஸ் பழக வழி கிடைத்தது. இன்ஜின் சின்னது என்பதை அன்று பலர் குறையாகப் பேசினார்கள். இப்போது யோசித்தால், கற்றுக்கொள்கிறவனுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. வேகம் குறைவாக இருக்கும்போதே வளைவையும் பிரேக்கையும் கற்றுவிடலாம். 1995-ல் ஒரு விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் நரேன் கார்த்திகேயன் முதலில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதிதான். 1992-ல் நான் மேலே சொன்ன வின்ஃபீல்டு பள்ளிக்குப் போய் அங்கே நடந்த போட்டியில் அரையிறுதிவரை வந்தார். திரும்பி வந்து மறுபடியும் ஃபார்முலா மாருதி ஓட்டினார். பிறகு இங்கிலாந்து, பிறகு 2005-ல் ஃபார்முலா ஒன். இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் ஆள். சின்னக் காரிலிருந்து பெரிய காருக்கு ஏற அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று என்பதைப் பேரன் வயதுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் காலியாக்கிய பக்கத்து இருக்கை மறுபடி எப்படி நிரம்பியது? சாலையில் ஓடும் கார்களே அந்தக் காலத்து ரேஸ் கார்களைவிடச் சக்தி வாய்ந்தவையாகிவிட்டன. வாங்கியவருக்கு அதை எங்காவது ஓட்டிப் பார்க்க ஆசை. டிராக்கை வாடகைக்கு விடுகிறார்கள். காரில் இரண்டு இருக்கை இருக்கிறது. அனுபவம் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதுகாப்பு என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. ஓட்டுகிறவருக்கு அது ஓரளவு உண்மைதான். உட்காருகிறவருக்கு?

இரண்டு சம்பவம் சொல்கிறேன். 1976-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் நிக்கி லாடாவின் கார் தீப்பிடித்து எரிந்தபோது, பின்னால் வந்து இறங்கி அவரைக் காப்பாற்றியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் கை எட்வர்ட்ஸ். அவர் மகன் ஷான் எட்வர்ட்ஸும் ரேஸ் ஓட்டுநர். 2013-ல் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அணியில் இருந்தவர். போர்ஷே கார்களுக்கான சூப்பர் கப் தொடரில் அந்த வருடம் முதலிடத்தில் இருந்தார். அக்டோபர் 15 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து டிராக்கில், ஓர் இளைஞர் ஓட்டிய போர்ஷே காரின் பக்கத்து இருக்கையில் ஆசிரியராக உட்கார்ந்திருந்தார். கார் தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. ஓட்டிய இளைஞர் படுகாயத்துடன் பிழைத்தார். ஷான் இறந்தார். வயது 26. எத்தனையோ பந்தயங்களில் தன் கையால் ஓட்டித் தப்பியவர், அடுத்தவர் கையில் இருந்த காரில் போனார்.

இரண்டாவது, 2015 ஏப்ரல் 12, அமெரிக்காவின் ஃப்ளோரிடா. டிஸ்னி வேர்ல்டு வளாகத்து டிராக்கில் அப்போது காசு கட்டினால் விலையுயர்ந்த கார்களை ஓட்ட விட்டார்கள். 24 வயது இளைஞர் ஒருவர், பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த வாய்ப்பில் லம்போர்கினி ஓட்டினார். கட்டுப்பாடு இழந்த கார், பக்கத்து இருக்கை இருந்த பக்கமாகத் தடுப்புக் கம்பியில் மோதியது. இறந்தவர் 36 வயது ஆசிரியர்.

பக்கத்தில் உட்காருபவரால் ஏன் தடுக்க முடியவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 144 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 40 மீட்டர். ஆபத்தைக் கண்டு, "பிரேக்!" என்று சொல்லி, அது ஓட்டுபவர் காதில் விழுந்து, அவர் கால் அசைய ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கார் 60 மீட்டர் போயிருக்கும். ஐந்து டவுன் பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளம். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கவே தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்காகும். எங்கள் மாஸ்டர் காலத்து 36 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஒன்றரை நொடிக்கு 15 மீட்டர்தான். அதிலும் அவர் வாயை நம்பாமல் காலைத்தான் நம்பினார்.

புதியவர்கள் செய்யும் தவறுகளும் சாலையில் சரியாகத் தோன்றுபவைதான். சாலையில் பயம் வந்தால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்போம். வேகமான வளைவின் நடுவில் அப்படி வெடுக்கென்று எடுத்தால், பாரம் முன்பக்கம் சாய்ந்து பின்சக்கரங்களின் பிடி குறையும். கார் பம்பரமாகச் சுற்றிவிடும். முதல் சுற்றுகளில் புதியவர் பயந்து மெதுவாகத்தான் ஓட்டுவார். மத்தியானத்துக்கு மேல் கை பழகிவிட்டது என்ற தைரியம் வரும்போதுதான் ஆபத்தும் வருகிறது என்று பேரனே சொன்னான். அதே நேரத்தில்தான் டயரும் பிரேக்கும் சூடேறிக் களைத்திருக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் சும்மா தரைவரை போய்வரும்.

ரேலி பந்தயத்திலும் பக்கத்தில் ஒருவர் உட்காருகிறாரே என்று கேட்கலாம். அவர் உட்காருவது தேர்ந்த ஓட்டுநருக்குப் பக்கத்தில். இருவருக்கும் ஒரே மாதிரி இருக்கை, ஒரே மாதிரி பெல்ட், சுற்றிலும் இரும்புக் கூண்டு. டிராக்கில் சொல்லிக்கொடுப்பவரோ, காலையில் அறிமுகமான ஒருவரை, அவருடைய காரில், அவருடைய பிரேக்கை நம்பி உட்காருகிறார்.

தேர்ந்தவர்களுக்கே டிராக் இரக்கம் காட்டுவதில்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டியின்போது, பல்லாண்டு அனுபவம் உள்ள கே.இ. குமார் விபத்தில் இறந்தார். அதே வருடம் ஆகஸ்டில், அதே பாதையில், மோட்டார் பைக் போட்டியில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அந்தச் செய்தியைப் படித்த அன்று மகளிடம் பேப்பரைக் கொடுக்காமல் ஒளித்து வைத்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துப் பேரனுக்குப் போன் செய்தேன். போகாதே என்று சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்க யாருமே இல்லாவிட்டால் அந்தப் பதினைந்து பேரும் தாங்களாகவே மோதிக் கற்றுக்கொள்வார்கள், அதுவும் நல்லதில்லை. கேள்விகளாகத்தான் கேட்டேன். முதல் சுற்றுகளை நீ ஓட்டி, அவர்களைப் பக்கத்தில் உட்காரவைக்க முடியுமா? வண்டியின் பிரேக்கையும் டயரையும் ஏறுவதற்கு முன் பார்ப்பது யார்? ஓட்டுகிறவருக்கு என்ன பெல்ட்டோ அதே பெல்ட் உன் இருக்கைக்கும் உண்டா? (அமெரிக்கக் கார் கழகங்கள் பலவற்றில் இது கட்டாயம்.) இருவரும் பேசிக்கொள்ள ஹெல்மெட்டுக்குள் மைக் உண்டா? நேர்ப்பாதையில் இவ்வளவு வேகத்துக்கு மேல் கூடாது என்று முன்கூட்டியே சொல்ல உனக்கு அதிகாரம் உண்டா? மீறினால் உடனே உள்ளே வரச் சொல்லி இறங்கிக்கொள்ள முடியுமா?

கடைசிக் கேள்விக்குத்தான் அவன் யோசித்தான். "இறங்கலாம் அப்புச்சி. ஆனா ஃப்ரெண்ட்ஸாச்சே, எப்படி..." என்று இழுத்தான்.

மாஸ்டர் சொன்னதை அவனிடம் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிவரை மகள் வாசலுக்கும் போனுக்கும் நடந்துகொண்டிருந்தாள். நான் பேப்பரைப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். ஏழேகாலுக்குப் போன் வந்தது. புதியவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சின்னக் கார் இரண்டை ஏற்பாடு செய்யவைத்துவிட்டானாம். காலையில் இவனே ஓட்டிக் காட்டியிருக்கிறான். மத்தியானம் வளைவுகளுக்குப் பக்கத்தில் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துச் சொல்லியிருக்கிறான். புதிதாக வாங்கிய பெரிய காரோடு வந்த ஒருவர் மட்டும், தன் காரில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று வற்புறுத்தினாராம். முடியாது என்று சொல்லிவிட்டானாம்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான் அப்புச்சி. இனி பேசுவானான்னு தெரியல."

"பேசுவான்" என்றேன்.

போனை மகளிடம் கொடுத்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

உங்களில் பலரும் அந்த நாளில் ஒரு மாஸ்டரிடம் பியட்டிலோ அம்பாசிடரிலோ பழகியிருப்பீர்கள். அவர் கால் எத்தனை முறை உங்களைக் காப்பாற்றியது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். என் மாஸ்டர் இன்று இல்லை. லைசென்ஸ் வாங்கிய அன்று அவருக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தேன். நன்றி என்று வாயால் சொன்ன ஞாபகம் இல்லை.